‘தோற்றது’ என்பதும் ‘நிறுத்தப்பட்டது’ என்பதும்

சென்ற மழைக்காலத்தில், செய்யாத தவறுக்காக ஓர் இளைஞர்மீது எழுத்துமூலம் பழி சுமத்த இருந்தேன். அந்தக் கடிதத்தின் வரைவு இன்னும் என் மடிக்கணினியில் இருக்கிறது. அதை அனுப்பவிடாமல் தடுத்தது ஒரு கட்டளை வரியும், அதற்கு விடையாகத் திரையில் வந்த ஆறு வரிகளும்தாம். ஆய்வு மாணவர்கள் பலர் இப்போது சிறு கணினித் திரள்களில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் மட்டாஞ்சேரியில் தங்கி, கொச்சித் துறைமுகத் தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்து வருகிறேன். பஜார் சாலையில், ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் அடுக்கியிருந்த கிடங்கொன்றின் மாடி அறையே என் இருப்பிடம். சன்னலைத் திறந்தால் காயல். காற்று திரும்பினால் இன்றும் சுக்கு வாசனை. ஆய்வுக்காகத் தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், அரசிதழ்ப் பக்கங்கள், பழைய செய்தித்தாள்கள் எனப் பதினோராயிரம் பக்கங்களைப் படமெடுத்து வைத்திருந்தேன். மலையாளம், ஆங்கிலம், கொஞ்சம் தமிழ் என மூன்று மொழிகளில் அமைந்த அப்பக்கங்களை எழுத்துணரி மென்பொருள்வழித் தேடத்தக்க உரையாக மாற்ற வேண்டும். ஒற்றைக் கணினியில் செய்தால் மாதக்கணக்காகும். ஆகவே யாரோ கழித்துக்கட்டிய ஆறு மேசைக்கணினிகளை வாங்கி, டாக்கர் ஸ்வார்ம் என்னும் முறையில் ஒரு திரளாக இணைத்தோம். ‘இணைத்தோம்’ என்பதில் என் பங்கு குறைவு. இணைத்தவர் திட்டத்தில் பகுதிநேர உதவியாளராக இருந்த, இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் இளைஞர்.

இத்துறைக்குப் புதியவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஒரு நிரலையும் அது இயங்கத் தேவையான அனைத்தையும் ஒரே கட்டாகக் கட்டி, எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி இயங்கச் செய்வதே கொள்கலன். பெயர் கப்பல் தொழிலிலிருந்து வந்தது. 1956இல் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூஜெர்சியின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியது கொள்கலன் போக்குவரத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாரந்தூக்கிக்குத் தெரியவேண்டியதில்லை. பெட்டியின் அளவு ஒன்றாக இருந்தால் போதும். 2013இல் அறிமுகமான டாக்கர் இதே எண்ணத்தை மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. பல கணினிகளைச் சேர்த்துக் கொள்கலன்களைப் பகிர்ந்தளிக்கும் ஸ்வார்ம் முறை 2016இல் டாக்கருக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. திரளிலுள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு கணு. அவற்றுள் மேலாளர் கணு ஒன்றோ சிலவோ இருக்கும். மற்றவை பணியாள் கணுக்கள். ‘இந்த வேலைக்குப் பத்துப் பிரதிகள் வேண்டும்’ என்று நாம் மேலாளரிடம் சொன்னால், அது பத்துப் பணிகளை உண்டாக்கிக் கணுக்களுக்கு ஒதுக்கும். ஒரு பணி இறந்தால் அதன் இடத்தில் புதிய பணியை எழுப்பும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திருநெல்வேலிக்குப் புறப்படும் அவசரத்தில், பேரளவில் படமெடுத்திருந்த கணக்கேட்டுத் தாள்களையும் வரிசையில் சேர்த்துவிட்டுக் கிளம்பினேன். திங்கட்கிழமை காலை திரும்பி வந்து பார்த்தபோது, மூன்றாம் கணுவில் நான்கு நாள்களாகச் சேர்ந்திருந்த முடிவுகள் முற்றிலும் இல்லை. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு பக்கங்கள். நெறியாளரிடம் அந்த வாரமே ஓர் இயலை ஒப்படைக்க வேண்டியிருந்தது.

சினம் முதலில் தேடியது ஆளைத்தான். ஒரு மாதத்துக்கு முன் அந்த இளைஞர் மூன்றாம் கணுவைத் தூசு தட்டுவதற்காகத் திரளிலிருந்து விலக்கி நிறுத்தியிருந்தார். அது எனக்கு நினைவிருந்தது. தொலைபேசியில் அழைத்தேன். ‘சனிக்கிழமை மூன்றாவதை நிறுத்தினாயா?’ என்று கேட்டேன். கேட்ட தொனியிலேயே விடையும் இருந்தது. ‘இல்லைக்கா, நான் தொடவே இல்லை’ என்றார். நான் நம்பவில்லை. வைத்துவிட்டுத் திட்ட ஒருங்கிணைப்பாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவருடைய பணிக்காலம் அம்மாத இறுதியில் புதுப்பிக்கப்பட இருந்தது. என் கடிதம் போயிருந்தால் புதுப்பிக்கப்பட்டிருக்காது.

கடிதத்தில் சான்று காட்டவேண்டும் என்பதற்காகவே முனையத்தைத் திறந்தேன். உண்மையை அறிய அன்று. முதலில் மூன்றாம் கணுவுக்குள்ளேயே நுழைந்து ‘டாக்கர் நோட் பிஎஸ்’ என்று தட்டினேன். ஒரு கணுவில் இயங்கும் பணிகளைப் பட்டியலிடும் கட்டளை அது. விடை கிடைக்கவில்லை. ‘இது மேலாளர் கணு அன்று, பணியாள் கணுவிலிருந்து திரளின் நிலையைக் காண இயலாது’ என்னும் பொருள்பட ஒரு பிழைச்செய்தி வந்தது. தன்மேல் சுமத்தப்பட்ட வேலைகளின் பட்டியலைக்கூடப் பணியாள் கணு இந்தக் கட்டளைவழிச் சொல்ல முடியாது. ‘டாக்கர் பிஎஸ்’ என்று சுருக்கமாகக் கேட்டால் அக்கணத்தில் உயிரோடிருக்கும் கொள்கலன்களை மட்டும் காட்டும். அது காட்டிய இரண்டும் நலமாக இயங்கிக்கொண்டிருந்தன. அதை மட்டும் பார்த்திருந்தால் என் ஐயம் உறுதியாகியிருக்கும்: இப்போது நன்றாக ஓடுகிறது என்றால், இடையில் யாரோ நிறுத்தியிருக்கவேண்டும்.

பிறகு மேலாளர் கணுவுக்குச் சென்று, மூன்றாம் கணுவின் பெயரைக் கொடுத்து அதே கட்டளையைத் தட்டினேன். ஓடிக்கொண்டிருந்த பணி மேலே; அதன் கீழே, சற்று உள்தள்ளி, ஒரு சாய்கோட்டுடன் ஐந்து பழைய வரிகள். அதே இடத்தில் முன்பு இருந்து மறைந்த பணிகள் அவை. ஒவ்வொரு வரியிலும் இரண்டு நிலைகள் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்று ‘வேண்டிய நிலை’: மேலாளர் அப்பணி எப்படி இருக்கவேண்டும் என்று கருதுகிறது என்பது. மற்றது ‘நடப்பு நிலை’: அது உண்மையில் எப்படி இருக்கிறது என்பது. ஐந்து வரிகளிலும் வேண்டிய நிலை ‘ஷட்டவுன்’. அதை மட்டும் கண்டு, ‘அகப்பட்டுக்கொண்டான்’ என்று எண்ணினேன்.

அப்போது அந்த இளைஞரே படியேறி வந்துவிட்டார். மழையில் நனைந்திருந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ‘அடுத்த பத்தியையும் வாசியுங்கக்கா’ என்றார். நடப்பு நிலையில் ஐந்து வரிகளிலும் ‘ஃபெயில்டு’ என்று இருந்தது. பிழைப் பத்தியில் 137 என்னும் எண்.

‘நான் நிறுத்தியிருந்தால் எப்படி வரும் என்று காட்டட்டுமா?’ என்று கேட்டு, ஐந்தாம் கணுவை விலக்கல் நிலைக்கு மாற்றினார். அதிலிருந்த பணிகள் ஒரு நிமிடத்துக்குள் வேறு கணுக்களில் புதிதாக எழுந்தன. ஐந்தாம் கணுவின் பட்டியலைக் கேட்டபோது வேண்டிய நிலையும் ‘ஷட்டவுன்’, நடப்பு நிலையும் ‘ஷட்டவுன்’. பிழைப் பத்தி வெறுமை. மனிதர் முறைப்படி நிறுத்தியதற்கு அதுவே அடையாளம். தானே விழுந்த பணிக்கு ‘ஃபெயில்டு’. இரண்டு சொற்களுக்கு நடுவே ஒருவருடைய வேலை இருந்தது.

137 என்பதற்கும் பொருள் உண்டு. லினக்ஸில் ஒரு செயல், குறிகை ஒன்றால் கொல்லப்பட்டால், 128உடன் அக்குறிகையின் எண்ணைக் கூட்டி வெளியேறு எண்ணாகத் தரும். 9 என்பது மறுப்புக்கு இடமில்லாத கொலைக் குறிகை. 128உம் 9உம் 137. பெரும்பாலும் நினைவகம் தீர்ந்துபோகும்போது இயங்குதளத்தின் கருவே ஒரு செயலைக் கொன்று இடத்தை மீட்கும். ஆனால் ‘பெரும்பாலும்’ என்பது சான்றாகாது. நிறுத்தச் சொல்லியும் உரிய நேரத்தில் நிற்காத கொள்கலனை வலிந்து கொன்றாலும் இதே எண் வரக்கூடும்.

அத்துடன் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஸ்வார்ம் ஓர் இடத்துக்கு இயல்பாக ஐந்து பழைய பணிகளை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். எங்கள் பணி இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இறந்து பிறந்துகொண்டிருந்தது. ஆக, திங்கட்கிழமை நான் பார்த்த ஐந்து வரிகளும் அன்று காலையில் நிகழ்ந்த இறப்புகள். வெள்ளி இரவிலோ சனிக்கிழமையிலோ முதன்முதலாக என்ன நடந்தது என்பது பட்டியலிலிருந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. ‘கடைசி ஐந்தும் தாமாக விழுந்தவை, சரி. முதல் விழுகை?’ என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவரே கேட்டுக்கொண்டவர்போல மூன்றாம் கணுவின் கருப் பதிவேட்டைத் திறந்தார். நினைவகம் தீர்ந்ததால் எழுத்துணரிச் செயல் கொல்லப்பட்டது என்னும் முதல் குறிப்பு வெள்ளிக்கிழமை இரவு 11.40க்குப் பதிவாகியிருந்தது. அவர் அன்று மாலை ஆறு மணிக்கே வீடு சென்றிருந்தார். நான் கடைசியாகச் சேர்த்த பெரிய தாள்கள் வரிசையில் தலைக்கு வந்த நேரம் அது.

முடிவுகள் அழிந்ததன் காரணமும் அப்போது விளங்கிற்று. எழுத்துணரியின் விளைவுகளைக் கணினியின் நிலையான கோப்புறையில் எழுதாமல், கொள்கலனுக்குள்ளேயே எழுதும்படி நிரலை அமைத்தவள் நான். ஸ்வார்மில் இறந்த பணி மீண்டும் உயிர்பெறுவதில்லை. அதன் இடத்தில் வேறோர் அடையாள எண்ணோடு, வெறுங்கையோடு, புதிய பணி பிறக்கிறது. பழைய கொள்கலன் சிறிது காலம் பிணமாகக் கிடக்கும். அதிலிருந்து கோப்புகளை மீட்டிருக்கலாம். ஆனால் ஐந்து என்னும் வரம்பைத் தாண்டி வரலாறு உதிரும்போது அந்தக் கொள்கலனும் நீக்கப்படும். சனிக்கிழமையின் முதல் சில மணி நேரத்திலேயே என் நான்கு நாள் உழைப்பு இவ்வாறு துடைக்கப்பட்டுவிட்டது. நினைவக வரம்பு வைக்காததும் நான். முடிவுகளை வெளியே சேமிக்காததும் நான். பட்டியலைப் பார்க்காமல் ஆளைப் பார்த்ததும் நான்.

மன்னிப்புக் கேட்டேன். ‘பரவாயில்லைக்கா’ என்றார். பரவாயில்லாமல் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான் ஆராயும் பொருள் என் மேசைமேலேயே கிடந்தது. கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்றொரு முறை இருந்தது. கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டிய காலைகளில் தொழிலாளர்கள் கூட்டமாகக் காத்திருப்பார்கள். ஒப்பந்தக்காரர்களின் ஆள்கள் உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். பாய்ந்து, மிதிபட்டு, எவன் கையில் வில்லை சிக்குகிறதோ அவனுக்கு அன்று வேலை. மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்பவேண்டும். இம்முறையை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அப்போராட்டத்தில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்ததை ஊர் இன்றும் நினைவுகூர்கிறது. கே. எம். சிதம்பரன் எழுதிய ‘துறமுகம்’ நாடகமும், அதைத் தழுவி ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளிவந்த திரைப்படமும் இவ்வரலாற்றைப் பற்றியவை.

சாப்பா வேலைக்கான சீட்டு, பதிவேடு அன்று. வில்லையைப் பிடித்தவனுக்கு அது ஒரு நாளைய சான்று. பிடிக்காதவன் அன்று அங்கே நின்றான் என்பதற்குச் சான்றே இல்லை. எத்தனை காலைகள் நின்றான், ஏன் கிடைக்கவில்லை, கீழே விழுந்து கை முறிந்ததாலா, மேஸ்திரிக்கு அவனைப் பிடிக்காததாலா என்பவை எங்கும் எழுதப்படவில்லை. துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948இல் வந்தது. அதன்கீழ்க் கொச்சிக்கான திட்டம் 1959இல் வந்தபோது, அதன் மையமாக இருந்தது ஒரு பட்டியல்தான்: பதிவுபெற்ற தொழிலாளர்களின் பெயரேடு, அதன்படி முறைவைத்து வேலை ஒதுக்கீடு. வில்லையிலிருந்து பெயரேட்டுக்கு என்பது அலுவலக மாற்றம் அன்று. அதற்காக மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். இதை மூன்று ஆண்டுகளாகப் படித்து, குறிப்பெடுத்து, கருத்தரங்குகளில் பேசியும் வந்திருக்கிறேன். ஆனால் என் அறையில், என் திட்டத்தில், என்னைவிட வலிமை குறைந்த ஒருவர்மீது முடிவெடுக்கவேண்டி வந்தபோது, நான் பட்டியலைக் கேட்கவில்லை. மேஸ்திரியைப் போல முகத்தைப் பார்த்தே தீர்மானித்தேன்.

கணினிப் பணியையும் மனிதத் தொழிலாளியையும் ஒன்றாக்குவது என் நோக்கம் அன்று. கொள்கலனுக்குப் பசி இல்லை. ஆனால் திரளில் நிகழ்வதற்கெல்லாம் யாரோ ஒரு மனிதர் பொறுப்பாக்கப்படுகிறார். பெரும்பாலும் அவர் ஆய்வகத்தின் கடைசிப் படியில் இருப்பவர்.

சில நாள் கழித்து அந்த இளைஞர் என்னைத் தம் தாத்தாவிடம் அழைத்துச் சென்றார். ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியிலுள்ள தோபிகானாவில், தமிழ் வண்ணார் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்கிறார்கள். காலனியக் காலத்தில் படையினரின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்களின் வழியினர் அவர்கள். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள்; அப்பால் புல்வெளியில் முறுக்குக் கயிறுகளின் இடுக்கில் செருகி உலரும் துணிகள். பெரியவர் ஒரு வேட்டியின் ஓரத்தைத் திருப்பிக் குறியைக் காட்டினார். ‘எந்த வீட்டுத் துணி, எந்தத் தொட்டிக்குப் போச்சு, எல்லாம் இதுலதாம்மா இருக்கு. கிழிஞ்சு வந்தாலும் குறியைப் பார்த்துட்டுத்தான் யாரைக் கேக்கணுமோ அவனைக் கேப்போம்’ என்றார். பேரன் நடந்ததை அவரிடம் சொல்லியிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

இனி, மாணவ நண்பர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்.

திரளில் ஏதேனும் பிழை நேர்ந்தால் உயிரோடிருப்பவற்றை மட்டும் காட்டும் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். மேலாளர் கணுவில் ‘டாக்கர் நோட் பிஎஸ்’ கேளுங்கள்; பெயர் கொடுக்காவிட்டால் அந்த மேலாளரின் பணிகளையே காட்டும் என்பதால், கணுவின் பெயரைத் தவறாமல் கொடுங்கள். ஒரே கட்டளையில் பல கணுக்களின் பெயர்களைக் கொடுக்கலாம்.

‘நோட் பிஎஸ்’ இடத்தைக் கேட்கும் கேள்வி. ‘சர்வீஸ் பிஎஸ்’ வேலையைக் கேட்கும் கேள்வி. ஒரு வேலையின் பிரதி ஒரு கணுவில் இறந்து மற்றொன்றில் எழுந்திருக்கலாம். அத்தகைய இடப்பெயர்ச்சியை அறிய இரண்டாவதே உதவும்.

வேண்டிய நிலை, நடப்பு நிலை இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள். நடப்பு நிலை என்பதுகூட மேலாளருக்குக் கடைசியாக எட்டிய செய்திதான். மின்சாரம் போய் ஒரு கணு அணைந்துவிட்டால், அதன் பழைய பணி ‘இயங்குகிறது’ என்றே சில நேரம் பட்டியலில் நிற்கும். ஏனெனில் இறந்த செய்தியைச் சொல்ல அங்கே யாருமில்லை. பிழைப் பத்தி சுருக்கப்பட்டு வரும். ‘நோ டிரங்க்’ என்னும் தெரிவைச் சேர்த்தால் முழுமையாக வரும்.

வரலாற்றின் வரம்பு ஐந்து என்பதை மறக்கவேண்டா. ‘டாஸ்க் ஹிஸ்டரி லிமிட்’ என்னும் அமைப்பால் அதைக் கூட்டலாம். நாங்கள் இப்போது இருபத்தைந்து வைத்திருக்கிறோம். அத்துடன் பட்டியலை மணிக்கொருமுறை நாளிட்ட கோப்பில் சேமிக்கிறோம். குபெர்னெட்டிஸ் பயன்படுத்துவோர்க்கும் இது பொருந்தும். அதில் நிகழ்வுக் குறிப்புகள் இயல்பாக ஒரு மணி நேரமே தங்கும். தாமதித்துக் கேட்டால் விடை இருக்காது.

ஒவ்வொரு பணிக்கும் நினைவக ஒதுக்கீடும் வரம்பும் வையுங்கள். முடிவுகளைக் கொள்கலனுக்குள் எழுதாதீர்கள்.

அந்த ஆயிரத்தைந்நூறு பக்கங்களை மீண்டும் ஓட்டி முடிக்கப் பதினொரு நாள்களாயின. இயலைத் தாமதமாகவே ஒப்படைத்தேன். காரணத்தை நெறியாளரிடம் என் பெயரிலேயே சொன்னேன். ஒருங்கிணைப்பாளருக்கும் ஒரு கடிதம் எழுதினேன், வேறொன்று. இளைஞரின் பணிக்காலம் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் இப்போதெல்லாம் ஒரு கணுவை நிறுத்துமுன் அவர் என்னிடம் எழுத்தில் அனுமதி கேட்கிறார். முன்பு அவ்வாறு கேட்டதில்லை. அந்த வழக்கம் எதனால் வந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதை நான் இன்னும் சரிசெய்யவில்லை.